வாத்தியார் வீட்டு மூன்றாவது ஆள்

கொம்பூர் சந்தைத் தெருவில் திருமலையப்பன் வாத்தியார் குடியிருந்த வீட்டின் நான்கு சுவர்களும் கதவும் ஜன்னலும் கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமை, ஆட்டுச்சந்தை கூடிக் கலைவதற்குள், தெருவில் நிற்பவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன. ஓட்டுக்கூரை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. அதற்குக் கீழே காலண்டர் எதிலும் மாட்டாமல் தொங்கித் தன் முதுகைத் தெருவுக்குக் காட்டியது, ஒரு பல்லி வெறும் காற்றில் ஏறிப் போய்ப் பூச்சி பிடித்தது, இதற்கெல்லாம் நடுவில் வாத்தியாரின் மனைவி கனகமணி காலை நீட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வழியாகப் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்து, வீடு இப்போதுதான் நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போனார்.

அந்த வீட்டில் உண்டு உறங்குகிற இரண்டு பேருக்கும் மட்டும் எந்த வித்தியாசமும் இல்லை. உள்ளேயிருந்து பார்த்தாலும் வெளியேயிருந்து பார்த்தாலும் அவர்களுக்குச் சுவர் சுவராகவே இருந்தது. வாத்தியார் வெளியே போய்விட்டு வந்து, வெறும் வெளியைத் தள்ளித் திறந்து உள்ளே போய், வெறும் வெளியைச் சாத்தித் தாழ்போட்டு, இனி ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்ற நிம்மதியில் சட்டையைக் கழற்றி முதுகை அடிஸ்கேலால் சொறிந்துகொண்டார். தெரு மொத்தமும் பார்த்தது.

சொல்லிவிடுவதுதான் முறை என்று முதலில் நினைத்தார்கள். டீக்கடை பவுன்ராசு எதற்கும் முந்திக்கொண்டு பேசுகிறவர் என்பதால் அவரைப் பிடித்து அனுப்பினார்கள். அவர் தலையைக் குனிந்தபடியே போய், கதவு இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகத் தட்ட, மரச்சத்தம் கேட்டது, வாத்தியார் வெளியே வந்தார். சுவரைக் காணோம் சார் என்று பவுன்ராசு சொன்னதும், வகுப்பில் மந்தமான பிள்ளைகளிடம் காட்டுகிற பொறுமையோடு வாத்தியார் அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவரில் வைத்தார். வெயில் பட்டுச் சூடேறிய சுவர், காரை பெயர்ந்த இடத்தில் கரகரவென்று உறுத்தியது. இது என்ன என்று வாத்தியார் கேட்டார். சுவரு சார் என்றார் பவுன்ராசு. பிறகென்ன என்றார் வாத்தியார். பிறகு என்ன என்று பவுன்ராசு எப்படிச் சொல்வார், நீங்கள் ஸ்கேலால் முதுகு சொறிந்ததை நாங்கள் பார்த்தோம் என்றா சொல்வார், கனகமணி கொடுத்த மோரை வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவந்து, கடையில் இருந்தவர்களுக்குத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கை முழுக்கச் சுண்ணாம்பு. எல்லாரும் அந்தச் சுண்ணாம்பைப் பார்த்தார்கள், பிறகு தலையைத் தூக்கி, சுவர் இல்லாத வீட்டைப் பார்த்தார்கள், பிறகு மறுபடி சுண்ணாம்பைப் பார்த்தார்கள், கடைசியில் ஆளுக்கொரு டீ சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சொல்வதில்லை என்று முடிவாயிற்று. ஒருவரும் கூடிப் பேசி எடுத்த முடிவு இல்லை, தானாக ஆனது. சொல்லாமல் இருப்பதற்கு ஏற்ற மாதிரி தெரு தன்னைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. பவுன்ராசு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டார், உட்கார்ந்தவர்கள் கழுத்து மட்டும் அந்த வீட்டுப் பக்கமே இருந்தது. பெண்கள் அந்த வீட்டைத் தாண்டும்போதும் குடையைச் சாய்த்துப் பிடித்தார்கள், வெயில் இல்லாத நாளிலும் பிடித்தார்கள், பிறகு ஆண்களும் பிடித்தார்கள், கொம்பூர் ஆண்கள் குடை பிடிப்பதைப் பார்த்து வெளியூர் ஆட்டுக்காரர்கள் சிரித்தார்கள். பொங்கலுக்கு வாத்தியார் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது தெரு ஆவலோடு நின்று பார்த்தது. மட்டை பட்ட இடத்தில் சுண்ணாம்பு பட்டை பட்டையாகக் காற்றில் ஒரு கணம் நின்றது, நின்று, குடித்த தண்ணீர் தொண்டைக்குள் போகிற மாதிரி போய்விட்டது.

பார்க்கக் கூடாது என்று குடை பிடித்தவர்களுக்கும் குடைக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிரம்பில்லாமல் வாய் திறக்காத வாத்தியார் வீட்டில் மனைவிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார், உரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே பழைய பாட்டுப் பாடினார். மறுநாள் தெருவில் பல வீடுகளில் புருஷன்மார் முன்னால் வெங்காயக் கூடை வந்து உட்கார்ந்தது.

எதிர்வீட்டு வெயிலுமுத்துக்கு மட்டும் வாத்தியார் வீட்டுச் சுவர் தெரிந்தது.

சுவர்தானா என்று அவரால் சத்தியம் பண்ண முடியாது. ஒரு வருடத்துக்கு மேலாக அவருக்கு எல்லாமே கஞ்சித்தண்ணீர் ஊற்றிக் கழுவிய மாதிரி வெள்ளையாகத்தான் தெரிந்தது. கண்ணில் புரை. வேறு ஆளாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய் அறுத்துப் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்திருப்பார். வெயிலுமுத்து போக முடியாது, ஏனென்றால் கொம்பூர் ஆட்டுச்சந்தையில் அவர் கண்ணுத் தரகர். மற்ற தரகர்கள் இடுப்பைப் பிடித்து, பல்லைப் பிளந்து, தூக்கிப் பார்த்துச் சொல்வதை அவர் தள்ளி நின்று ஒரு பார்வையில் சொல்வார்: இது இவ்வளவு கறி நிற்கும், இது சினை, இது திருடிக்கொண்டு வந்தது. அவர் பேச்சுக்கு மரியாதை அவர் கண்ணுக்கு இருந்த மரியாதை. கண் போனது தெரிந்தால் சந்தைக்குள் அவர் வெறும் துண்டு போட்ட ஒரு ஆள்.

ஆகையால் அவரும் மனைவி பேச்சித்தாயும் ஒரு குட்டியை வாங்கி வீட்டுக்குள் கட்டிக்கொண்டு, சாயங்காலமானால் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, கையால் பார்க்கப் பழகினார்கள். அவர் குட்டியின் இடுப்பைத் தடவி எடை சொல்வார், பேச்சித்தாய் தராசில் நிறுத்துச் சரி என்பாள், தப்பு என்பாள், பெரும்பாலும் தப்பு என்பாள். சந்தையில் ஆடு மிரளுது, கிட்டக் கொண்டு வா என்று சொல்லி, தட்டிக் கொடுக்கிற பாவனையில் தடவிப் பார்த்துக்கொள்வார். இப்போதெல்லாம் ஆட்டுக்காரர்கள் அவர் கேட்காமலே கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வயசாகிறது, மரியாதை தருகிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வாத்தியார் வீடு திறந்துபோன அன்று பேச்சித்தாய் அவரை வாசலுக்கு இழுத்துவந்து காட்டினாள். எனக்குச் சுவருதான் தெரியுது என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

“உங்க கண்ணு அப்படி. வெளியே சொல்லிறாதீக. எல்லாரும் உள்ள தெரியுதுங்காக, நீங்களும் தெரியுதுன்னே சொல்லுங்க.”

ஊருக்கே கிடைத்த ஒரு அதிசயம் தனக்கு மட்டும் கிடைக்கவில்லையே என்று வெயிலுமுத்துக்கு வருத்தம்தான். ஆனாலும் டீக்கடையில் எல்லாரும் ஆளுக்கொன்று பார்த்ததைச் சொல்லும்போது கண்ணுத் தரகர் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா. ஒருநாள் வாத்தியார் தன் மனைவிக்குத் தலை வாரிவிடுகிறார் என்று சும்மா எடுத்துவிட்டார். கல்யாணமான புதிதில் பேச்சித்தாய்க்குத் தான் செய்தது, பிறகு எப்போது விட்டுப்போனது என்று நினைவில்லாதது, வாய்க்கு வந்துவிட்டது. மறுநாள் பவுன்ராசு, ஆமாம், நானும் பார்த்தேன், எண்ணெய்கூட வைத்தார் என்றார். இன்னொருவர் சிக்கெடுக்கிற சீப்பின் நிறத்தைச் சொன்னார்.

வெயிலுமுத்துக்கு இது வேடிக்கையாக இருந்தது. அந்த வீட்டில் ஒரு கிளி இருக்கிறது என்றார். இரண்டொரு நாளில் கிளி சத்தம் போடுகிறது என்றார்கள், அடுத்த வாரம் அது கெட்ட வார்த்தை பேசுகிறது என்றார்கள், எந்தக் கெட்ட வார்த்தை என்பதில் டீக்கடையில் சண்டை வந்தது. அவர் வீட்டுக்கு வந்து பேச்சித்தாயிடம் எதிர்வீட்டில் கிளி ஏதும் இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். இருக்குங்க, பச்சைக் கிளி, கழுத்தில் சிவப்பு வளையம் என்று அவள் உலையைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பேச்சித்தாய் வேறொன்றும் சொல்லிச் சிரித்தாள். இந்தத் தெருச் சனங்களின் சோம்பேறித்தனத்தைப் பாருங்கள், குடையை வலது தோளில் சாய்த்துக்கொண்டு போகிறார்கள், போகும்போது வாத்தியார் வீடு மறைகிறது, வரும்போது தோளை மாற்றாமல் அப்படியே வந்து நம் வீட்டை மறைக்கிறார்கள். இதைவிட வேடிக்கை வாத்தியார். பாவம், ஊர்ப் பழக்கம் தொற்றிக்கொண்டு அவரும் குடை பிடிக்கிறார், காலையில் தன் வீட்டு வாசலில் இறங்கும்போதே விரித்து நம் வீட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு போகிறார். வெயிலுமுத்து இதை டீக்கடையில் ஒரு ஜோக்காகச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் டீயை ஊதிக் குடித்தார்கள்.

வினை வந்தது சொள்ளமுத்து வாயில். அவன் இளந்தாரித் தரகன், வெயிலுமுத்துவின் இடத்தின் மேல் அவனுக்கு ஒரு கண் உண்டு. மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை, சந்தை முடிந்து கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவன் காலை ஆட்டிக்கொண்டே கேட்டான்:

“அண்ணாச்சி, வாத்தியார் வீட்டம்மா இப்ப என்ன கலர் சேலை கட்டியிருக்காக? கண்ணுத் தரகர் பாத்துச் சொல்லுங்க, கேப்போம்.”

வெயிலுமுத்து எதிரே பார்த்தார். சுவர், வெள்ளையாக. பச்சை என்றால் சிவப்பாக இருக்கும், சிவப்பு என்றால் அவள் அங்கே இருக்கவே மாட்டாள். மாட்டிக்கொண்ட மனிதர் கையில் கிடைத்த பெரிய கல்லைத் தூக்கிப் போட்டார்.

“சேலையையா பாத்துக்கிட்டிருக்கேன்? உள்ள மூணாவதா ஒரு ஆம்பளை நிக்கிறான், அவனைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

எல்லாருடைய கழுத்தும் திரும்பியது. பிறகு கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல், கதவுக்குப் பின்னால்தானே, என்றது.

அந்த வாரம் முடிவதற்குள் அந்த ஆளுக்கு நீலச் சட்டை வந்துவிட்டது. ஒருவர் நெட்டை என்றார், ஒருவர் குட்டை என்றார், இரண்டு பேரும் சரி, அவன் குனிந்து நின்றிருப்பான் என்று மூன்றாமவர் தீர்த்துவைத்தார். கன்னத்தில் மச்சம் வந்தது. வாத்தியார் பள்ளிக்கூடம் போன பிறகு அவன் எங்கிருந்து வருகிறான் என்று தெரியவில்லை, ஆனால் இருக்கிறான், கனகமணி சமைக்கும்போது பின்னால் நிற்கிறான், அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருக்கிறாளே, அதிலேயே தெரியவில்லையா என்றார்கள். கிளிக்காகச் சண்டை போட்டவர்கள் இப்போது கிளியை மறந்தார்கள்.

குடைகள் மடங்கின. இனி என்ன மரியாதை என்பது போல வெறுந்தலையோடு, நேராகப் பார்த்துக்கொண்டு போனார்கள். கறிவேப்பிலை கேட்டு வருகிறவர்கள் வரவில்லை. குழாயடியில் கனகமணி குடத்தோடு வந்தால் வரிசை விலகி வழிவிட்டது, அப்படி யாருக்கும் அந்தக் குழாயில் வழிவிட்டதில்லை. அவளுக்கு அந்த ஊரில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை, மாற்றலாகி வந்தவர்கள். ஒருநாள் பேச்சித்தாயின் குடம் நிறைகிற வரை காத்திருந்து கேட்டாள்:

“அக்கா, எங்க வீட்டுக்குள்ள என்ன இருக்கு? எல்லாரும் எனக்குப் பின்னாடியே பாக்காங்களே, எதைப் பாக்காங்க?”

பேச்சித்தாய் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்தவள் குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

சேதி யார் மூலமாகவோ போனில் கனகமணியின் அண்ணன்மார் காதுக்குப் போயிற்று. சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும், பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றல் எழுதிக் கேட்கச் சொல்லிவிட்டார்கள் என்றும் பேச்சு. அன்று சாயங்காலம் வாத்தியார் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் பார்த்தார். பரணில் ஏறிப் பார்த்தார். பார்த்துவிட்டு இறங்கி, சுவரை இங்கே அங்கே தட்டிப் பார்த்தார். கனகமணி அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து அவர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் தன் வாசலில் இருந்து இதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து வெயிலுமுத்து முன்னால் உட்கார்ந்தாள்.

“அந்த ஆளை மொதல்ல பாத்தது யாருங்க?”

அவர் குட்டியின் கயிற்றைத் தேடி எடுத்துக் கையில் சுற்றினார்.

“நானும்தான் பாத்தேன். இப்பக்கூட நிக்கான், நீலச் சட்டை. ஆனா நான் பாத்தது நீங்க சொன்ன பெறகு. உங்க கண்ணு என்ன லட்சணம்னு எனக்குத் தெரியும். என் மூஞ்சி தெரியுதா இப்ப உங்களுக்கு?”

“கோவமா இருக்க. அது தெரியுது.”

“அது குரல்ல தெரியுது.”

சந்தையில் சொன்னால் என்னை எவன் மதிப்பான், நாளைக்கு அடுப்பு எரிய வேண்டாமா என்று அவர் கேட்டார். மதிக்காட்டிப் போறாக என்றாள். அந்தப் பிள்ளையை நாலு பேர் முன்னால் பஸ்ஸில் ஏற்றுகிற பாவத்தைத் தின்றுகொண்டு என்னால் குட்டிக்குத் தராசு பிடிக்க முடியாது, நீங்கள் சொல்லாவிட்டால் நானும் அதே பஸ்ஸில் ஏறி என் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, குட்டியை அவிழ்த்து அடுத்த தெருவில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தாள்.

கொம்பூர்ச் சந்தையில் விலையை வாயால் பேசுகிற வழக்கமில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். வெளியே வாய் மழையைப் பற்றியோ மகள் கல்யாணத்தைப் பற்றியோ ஏதாவது பேசிக்கொண்டிருக்கும், உள்ளே விரல் விலை பேசும். வாய் சொல்வது சந்தையில் நிற்பவர்களுக்காக, விரல் சொல்வதுதான் நிஜம். விரலைப் பிடித்தால் விலை. உள்ளங்கை நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் அதற்கு வேறு அர்த்தம்: உன் ஆட்டில் இருக்கிற குறை எனக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டேன். அப்படி அழுத்தப்பட்டவர் பிறகு வாய் திறப்பதில்லை. வெயிலுமுத்து தன் காலத்தில் எத்தனையோ உள்ளங்கைகளை அழுத்தியவர்.

அந்தச் சனிக்கிழமை அவர் சந்தைக்குள் போய், ஆடுகளின் சத்தத்தையும் வாடையையும் பிடித்துக்கொண்டே நடந்து, வேப்பமரத்தடியில் அசன் ராவுத்தரைத் தேடிப் பிடித்தார். ராவுத்தர் சந்தையிலேயே மூத்த தரகர், இளம் வயதிலிருந்து மாமா மாப்பிள்ளை என்று பழகியவர்கள். முதலில் இவரிடம் சொல்லிவிட்டால் மற்றவர்களிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தார்.

“மாமா, எனக்குக் கண்ணு…”

அவர் முடிப்பதற்குள் ராவுத்தர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு பேர் கையின் மேலும் போட்டுவிட்டார். இந்தக் கிடா இன்னும் பல்லு போடலையே மாப்ளே என்று வாய் சத்தமாகச் சொன்னது. துண்டுக்கு அடியில் அவருடைய கட்டைவிரல் வந்து வெயிலுமுத்துவின் உள்ளங்கை நடுவில் அழுத்தியது.

வெயிலுமுத்து வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே ஆடாக நின்றார். காலுக்குக் கீழே புழுக்கை நசுங்கியது. எப்போதிலிருந்து தெரியும் என்று குரல் வெளியே வராமல் கேட்டார். ராவுத்தர் கிடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒன் வீட்டுச் சுவரு போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு மாப்ளே. வாத்தியார் வீட்டுக்கெல்லாம் முந்தி. நீயும் பேச்சியும் கதவைச் சாத்திக்கிட்டு குட்டியத் தடவிப் பழகுறத இந்தச் சந்தையே பாத்திருக்கு. பொம்பளைக குடை பிடிக்க ஆரம்பிச்சதே ஒனக்குத்தான்.”

ஆட்டுக்காரர்கள் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திய ஆடுகள், ஜோக்குக்குச் சிரிக்காத டீக்கடை, எதிர்ப்பக்கம் குடையைச் சாய்த்துக்கொண்டு போன வாத்தியார், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் முன்னால் வந்து நின்றன. மூடிய கதவுக்குள் தான் இந்த ஒரு வருடத்தில் என்னென்ன செய்தோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒருநாள் எடை தப்பாகவே போய்க்கொண்டிருந்ததில் பேச்சித்தாயின் மடியில் தலையை வைத்து அழுதது ஞாபகம் வந்தது. அன்றைக்கும் தெருவில் நடமாட்டம் இருந்திருக்கும். காதில் குடைகள் விரிகிற சத்தம் கேட்டது போல இருந்தது.

வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, ஆனால் அதைத் தள்ளிக்கொண்டு அதற்குப் பின்னாலிருந்து வேறொன்று வந்தது. அவர் துண்டை உருவிக் கீழே போட்டார். சந்தையில் ஒருவருடைய துண்டை இன்னொருவர் கீழே போடுவது சின்ன விஷயம் இல்லை, சுற்றிலும் தரகர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“எனக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அப்ப நான் பாத்தேன்னு சொன்ன ஆளை நீங்க எப்படிப் பாத்தீக?”

பவுன்ராசு கெட்டிலோடு நின்றார். சொள்ளமுத்து, தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிறவன் போல, நீலச் சட்டை போட்டிருந்தான் அண்ணாச்சி என்றான். சொல்லிவிட்டுத் தன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

அப்போது தூரத்தில், பாலத்துத் திருப்பத்தில், மத்தியான பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ராவுத்தர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், சந்தையே ஆட்டை விட்டுவிட்டுப் பின்னால் நடந்தது, ஆடுகளில் சிலவும் நடந்தன. வாத்தியார் வீட்டு முன்னால் போய் எல்லாரும் நின்றார்கள். உள்ளே கனகமணி ஒரு பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார், அதாவது நேராக இவர்களைப் பார்த்து நின்றார், இவர்கள் அவருக்குத் தெரியவில்லை.

நிக்கிறானா என்று வெயிலுமுத்து கேட்டார். நிக்கிறான் என்றார்கள். பொய் என்று தெரிந்த பிறகுமா என்றார். தெரிந்த பிறகும்தான் நிக்கிறான், மச்சத்தோடு நிக்கிறான், நாங்கள் என்ன செய்ய என்று பவுன்ராசு அழுகிற குரலில் சொன்னார். பேச்சித்தாய் எதிர்வாசலில் இருந்து இறங்கி வந்து கணவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

“வரச் சொன்னது நீ மாப்ளே,” என்றார் ராவுத்தர். “போகச் சொல்றதும் நீதான் சொல்லணும்.”

வெயிலுமுத்து எதிரே பார்த்தார். பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு வெள்ளையாக, ஒரு குறையும் இல்லாத சுவர். அந்தக் கூட்டத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் அங்கே அந்த ஆள் இல்லை. ஆட்டுக்கு எடை சொல்கிற அதே குரலில் சொன்னார்:

“அவன் கிளம்பிட்டான்.”

கூட்டத்தில் யாரோ, ஆமா, செருப்பு மாட்டுறான் என்றார். கதவைத் தெறக்கான் என்றாள் பேச்சித்தாய், அவளுடைய விரல்கள் அவர் முழங்கையை இறுக்கின. படி இறங்குறான் என்றார்கள், வழி விடுங்கப்பா என்றார்கள், கூட்டம் நடுவில் பிளந்து விலகியது, எல்லாத் தலைகளும் ஒன்றாக, மெதுவாக, வீட்டிலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்கும் திரும்பின. பஸ் வந்து நின்று, வெள்ளை வேட்டி கட்டிய அண்ணன்மார் முறைத்துக்கொண்டே இறங்கினார்கள். பவுன்ராசு ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சி வீட்டுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும், நாலு மாசமா ஊரே கேக்குது அண்ணன்மார் வரமாட்டாகளான்னு, வாங்க, மொதல்ல டீ குடிங்க என்று ஒரே மூச்சில் பேசி அவர்களைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். முறைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு யாரை முறைப்பது என்று தெரியவில்லை. தெருவில் ஒரு குடை டப்பென்று விரிந்தது, இன்னொன்று விரிந்தது, பிறகு வரிசையாக விரிந்தன, பாதி குடைகள் வாத்தியார் வீட்டுப் பக்கம் சாய்ந்தன, பாதி எதிர்வீட்டுப் பக்கம்.

வெயிலுமுத்து தெரு நடுவில் கையைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். பேச்சித்தாய் கனகமணியின் பெட்டியை அவிழ்க்கப் போய்விட்டாள். அப்போது செருப்புச் சத்தம் ஒன்று அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு கை அவருடைய கையைப் பிடித்தது. துண்டு இல்லை, வெறும் கை, கொஞ்சம் ஈரம், இவ்வளவு நேரம் சுவரோரம் நின்ற ஆளின் கை மாதிரி சுண்ணாம்பு நறநறத்தது. உள்ளங்கை நடுவில் கட்டைவிரல் வந்து நன்றாக அழுத்தியது, நகம் நீளமாக இருந்ததால் லேசாகக் குத்தியது. பிறகு விட்டுவிட்டது. பஸ் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, பஸ் போய்விட்டது.

அந்த ஆளுக்குச் சட்டை உண்டு, மச்சம் உண்டு, உயரம்கூட இரண்டு தினுசாக உண்டு. நகத்தைப் பற்றி வெயிலுமுத்து யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும் யாரும் சொன்னதில்லை.

திரும்பி வந்த பேச்சித்தாய், கையை ஏன் இப்படி மூடிக்கொண்டு நிற்கிறீர்கள், எதுவும் குத்திவிட்டதா என்று கேட்டாள். அவர் சந்தை வழக்கம் தெரிந்த மனிதர். ஒன்றுமில்லை என்றார்.